ஒரு சொல்லும் ஆறாயிரம் சட்டைகளும்

"மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?"

பெண் வீட்டார் கேட்ட இந்த எளிய வினாவுக்கு அந்தத் தந்தையால் தெளிவாக விடை கூற இயலவில்லை. "திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர்" என்று மகன் எழுதிக் கொடுத்திருந்த சொற்களை அப்படியே ஒப்புவித்தார்.

"தையல் வேலையா?"

"இல்லை."

"கணக்கு எழுதும் வேலையா?"

"அதுவும் இல்லை."

"அப்படியானால் மேனேஜரா?"

"இல்லை. ஆனால் துணி வரவில்லை என்றாலும், பட்டன் வரவில்லை என்றாலும் எல்லாரும் இவனைத்தான் கேட்கிறார்களாம்."

பெண்ணின் பெரியத்தா இலேசாகப் புன்னகை செய்தார். தேநீர் ஆறிப் போயிற்று. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறி அனைவரும் எழுந்து சென்றனர்.

அன்று இஷாத் தொழுகைக்குப் பின் அத்தந்தை என்னிடம் வந்தார். "ஹஸ்ரத், உங்களிடம் ஓதிய பிள்ளை. பி.காம். முடித்தான். மூன்று ஆண்டுகளாகத் திருப்பூரில் இருக்கிறான். மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். ஆனால் அவன் செய்யும் வேலை இன்னதென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீங்கள் ஒருமுறை நேரில் பார்த்து வந்து எனக்கு விளக்கக் கூடாதா?" என்றார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய குறையன்று. நம் பிள்ளைகளுள் பலர் இன்று ஆயத்த ஆடை நிறுவனங்களில் இப்பெயருடைய பணியில் இருக்கின்றனர். அப்பணி யாதென்று அவர்தம் இல்லங்களில் தெரிந்தவர் சிலரே. ஆகவே மதரஸா விடுமுறையில் இரண்டு நாட்கள் திருப்பூர் சென்று அந்த இளைஞருடன் தங்கினேன். கண்டதையும் கேட்டதையும் வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பனியன் நகரம்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூரின் பின்னலாடைத் தொழில் நூறாண்டு பழைமையுடையது. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் நிறுவிய பின்னலாடைக் கூடமே அந்நகரின் முதற்கூடம் என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். நெடுங்காலம் உள்நாட்டுக்கு உள்பனியன் தைத்துக் கொடுத்த ஊர், 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகரின் வரவால் கடல் கடந்த வாணிகத்தில் அடியெடுத்து வைத்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று வரையறுத்திருந்த கோட்டா முறை 2005 ஜனவரி முதல் நாளில் முற்றிலும் நீங்கிற்று. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று.

இவ்வளர்ச்சியின் விலையையும் மறைத்தல் முறையன்று. சாயக்கழிவு நொய்யலைப் பாழாக்கியதன் விளைவாக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்ற நிலை அதன் பின்னரே உறுதியாயிற்று.

திருப்பூரில் ஓர் ஆடை ஒரே கூரையின்கீழ் பிறப்பது அரிது. நூல் ஓரிடம், பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், துணியைச் சுருக்கி நிலைப்படுத்தும் காம்பாக்டிங் ஓரிடம், அச்சு ஓரிடம், தையல் வேறோரிடம் என்று ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் பல பட்டறைகளைச் சுற்றி வந்த பின்னரே அது பெட்டியில் ஏறுகிறது. இத்தனை இடங்களையும் ஒரு நூலில் கோப்பவர் ஒருவர் வேண்டுமல்லவா? அவர்தான் மெர்ச்சண்டைசர். அவருக்குக் கையும் காலுமாக நிற்பவர் அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசர்.

இரு கரைகளுக்கு நடுவே

நம் இளைஞர் பணிபுரியும் நிறுவனம் கடைக்காரர்களுக்கு நேரடியாக விற்பதில்லை. ஐரோப்பாவிலுள்ள மொத்த வணிகர்களுக்கு விற்கிறது. அவர்கள் தத்தம் நாட்டுக் கடைகளுக்குப் பிரித்து அளிக்கின்றனர். அந்த மொத்த வணிகரைத் திருப்பூரில் பையர் என்றே அழைக்கின்றனர். பையர் ஒரு கரை. பட்டறைகள் மறு கரை. பையர் எழுதுவதைப் பட்டறைக்குப் புரியும்படி சொல்வதும், பட்டறையில் நிகழ்வதைப் பையருக்கு எழுதுவதும் நடுவில் நிற்பவரின் கடமை.

காலை ஒன்பது மணிக்கு அவருடன் அலுவலகத்தில் அமர்ந்தேன். மேசைமீது துணித்துண்டுகள் ஒட்டிய கோப்புகள், அளவு நாடா, பட்டன் அட்டைகள், பாதி தைத்த ஒரு சட்டை ஆகியவை கிடந்தன. பத்து மணிக்கெல்லாம் அவர் வண்டியில் கிளம்பிவிட்டார். நானும் பின்னால் அமர்ந்தேன். சாயப்பட்டறை, அச்சுக்கூடம், லேபிள் கடை, தையற்கூடம் என்று நண்பகலுக்குள் நான்கு இடங்கள். பிற்பகலில் மீண்டும் கணினி. ஜெர்மனியின் கடிகாரம் நம்முடையதினும் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நான்கரை மணியும் பின்தங்கியது. அங்கே அலுவலகம் திறக்கும்போது இங்கே லுஹர் நேரம். அவர்கள் வினாக்கள் குவிவது அஸருக்குப் பின்னர். ஆகவே நம் பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பத் தாமதமாவதைச் சோம்பலென்றோ ஊர்சுற்றலென்றோ எண்ணிவிடலாகாது.

183 கிராம் கணக்கு

"ஹஸ்ரத், இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது கணக்கு" என்று கூறி அவர் ஒரு தாளை எடுத்தார்.

ஓர் ஆண் அணியும் வட்டக்கழுத்துச் சட்டை. உடல் நீளம் 70 சென்டிமீட்டர், கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, ஆக 102. மார்பின் பாதி அகலம் 52, ஓரத் தையலுக்கு 4, ஆக 56. இவ்விரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னும் என்று இரண்டால் பெருக்க வேண்டும். துணியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம். இதனைத் தொழிலில் ஜி.எஸ்.எம். என்பர். அதனாலும் பெருக்கி 10,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 183 கிராம் வருகிறது. வெட்டும்போது வீணாவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 201 கிராம். ஆறாயிரம் சட்டைகளுக்கு 1,206 கிலோ துணி.

"சட்டைக்கு ஐந்து கிராம் நான் குறைத்துப் போட்டால் என்ன ஆகும்?" என்று அவரே கேட்டு அவரே விடை கூறினார். "ஆறாயிரம் சட்டைக்கு முப்பது கிலோ குறையும். ஏறக்குறைய நூற்றைம்பது சட்டைக்குத் துணி இராது. அந்த நூற்றைம்பதுக்காக மறுபடியும் நூல் வாங்கிப் பின்னிச் சாயமேற்ற வேண்டும். சிறிய அளவில் ஏற்றும் சாயம் பெரிய அளவின் நிறத்தோடு ஒத்து வருவதில்லை."

கல்லூரியில் வரலாறு பயின்ற எனக்கு இக்கணக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியபோது ஒன்று புரிந்தது. நிறுத்தலிலும் அளத்தலிலும் குறைவு செய்யலாகாது என்று சிறுவர்களுக்கு ஓதிக்கொடுக்கும்போது நாம் காட்டும் உதாரணம் மளிகைக் கடைத் தராசு. இங்கோ தராசு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு தாளில் எழுதும் எண்ணே தராசாகிவிடுகிறது.

நிறம் என்னும் வழக்கு

கணக்குக்கு அடுத்தது நிறம். பையர் கருநீலம் என்று எழுதிவிட்டால் போதாது. எந்தக் கருநீலம் என்பதற்கு எண்ணிட்ட வண்ண அட்டை உண்டு. அதனைப் பார்த்துச் சாயப்பட்டறையினர் சிறு துணித்துண்டில் இரண்டு மூன்று வகையாகச் சாயமேற்றித் தருவர். இதற்கு லேப் டிப் என்று பெயர். அவற்றைப் பையருக்கு அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்டதற்கு இணையாகவே முழுத் துணியும் வரவேண்டும்.

பகல் வெளிச்சத்தில் ஒத்திருக்கும் இரு துண்டுகள் கடை விளக்கில் வேறுபட்டுத் தோன்றுவதுண்டு. எனவே பல்வகை விளக்குகள் பொருத்திய ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கின்றனர். அவர் விளக்கை மாற்றியபோது என் கண்முன்னே ஒரு துண்டு செம்மை ஏறியது. மற்றொன்று அவ்வாறே இருந்தது.

சாயத்தில் உடல்நலமும் அடங்கியுள்ளது. புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களை வெளிவிடும் சில அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடை செய்தது. 1997இல் இந்தியாவும் தடை விதித்தது. சோதனைச்சாலையின் சான்றிதழைப் பெற்றுக் கோப்பில் சேர்ப்பதும் அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசரின் பொறுப்பே. எங்கோ ஒரு குழந்தை வியர்வையோடு அணியப்போகும் ஆடைக்கு அச்சான்றிதழ் உண்மையாயிருக்க வேண்டும்.

மாதிரிச் சட்டைகளும் அவ்வாறே பலவகை. முதலில் வடிவம் காட்ட ஒன்று, உடலில் பொருந்துமா என்று பார்க்க ஒன்று, எல்லா அளவுகளிலும் ஒரு தொகுதி, உண்மைத் துணியிலேயே தைத்த இறுதி மாதிரி ஒன்று. இந்த இறுதி மாதிரிக்குப் பையர் ஒப்புதல் அளித்த பின்னரே கத்தரி துணியைத் தொடலாம்.

"கட்டிங் தொடங்கிவிட்டது"

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் குறித்த அட்டவணை அவர் மேசையெதிரே ஒட்டப்பட்டிருந்தது. நூல் வாங்கும் நாள், பின்னி முடிக்கும் நாள், சாயம் முடியும் நாள், வெட்டும் நாள், தூத்துக்குடித் துறைமுகம் சேரும் நாள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. அதனைச் சுட்டிக்காட்டியபடி, அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை என்னிடம் கூறினார். பிறர் அறிவது நல்லதென்று அவரே அனுமதி தந்தமையால் இங்கே எழுதுகிறேன்.

ஆறாயிரம் கருநீலச் சட்டைகளுக்கான ஆர்டர். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி, ஒப்புதல் பெற்ற துண்டினும் சற்றே செம்மை கலந்திருந்தது. மறுபடியும் சாயமேற்ற நான்கு நாட்களாகும் என்றனர். அன்று மாலையே பையரிடமிருந்து வினா வந்தது: வேலை எந்நிலையில் உள்ளது?

"நான்கு நாள்தானே, தையலில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன், ஹஸ்ரத். 'கட்டிங் தொடங்கிவிட்டது' என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டேன்."

அந்த ஒரு வரியை நம்பிப் பையர் கப்பலில் இடம் உறுதி செய்தார். தம் கடைகளுக்கும் நாள் கொடுத்தார். இங்கோ, இரண்டாம் முறை சாயமேறிய துணி சலவைச் சோதனையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிற்று. மீண்டும் காம்பாக்டிங், மேலும் மூன்று நாட்கள். ஆக ஏழு நாட்கள் போயின. கப்பலின் நாளோ அசையவில்லை.

யார் போட்ட தேதி?

போன நாட்களை எங்கிருந்து மீட்பது? தையற்கூடத்தின் இரவுகளிலிருந்துதான். ஒப்பந்தத்துக்குத் தைக்கும் கூடத்தில் தையற்காரர்களும், துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்களும், செக்கிங் பெண்களும் இரண்டு இரவுகள் தொடர்ந்து அமர்ந்தனர். சரக்கு எவ்வளவு முடிந்ததென்று பார்க்க நள்ளிரவில் இவர் அங்கே சென்றார். நடுவயதுடைய செக்கிங் அம்மா ஒருவர் கத்தரியால் நூல் பிசிறுகளை நறுக்கியபடியே தலை நிமிராமல் கேட்டாராம்: "ஏனுங்க தம்பி, இந்தத் தேதிய யாருங்க போட்டது?"

"நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றார் இளைஞர்.

அந்தப் பெண் கோபித்துக் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைகளை அண்டை வீட்டாரிடம் விட்டு வந்திருந்தவர், தம் இரவைத் தின்னும் அந்தத் தேதிக்கு ஒரு முகம் உண்டா என்று அறிய விரும்பினார், அவ்வளவே.

கெடுவின் நெருக்கடி எதுவரை கொண்டு செல்லும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தின் டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்திலிருந்த வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அந்தக் கொடுமையையும் திருப்பூரின் இரண்டு இரவுகளையும் ஒன்றெனச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எங்கோ ஒரு மேசையில் எழுதப்படும் நாள், வேறெங்கோ ஒரு தொழிலாளியின் உடல்மீது வந்து விழுகிறது என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

இரண்டு இரவுகள் உழைத்தும் 4,200 சட்டைகளே முடிந்தன. மீதி 1,800 கப்பலுக்கு எட்டா. மூத்த அலுவலர் ஒருவர், "மின்வெட்டு என்று எழுதிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். இளைஞர் அன்று மதியம் உணவு கொள்ளவில்லை. மாலையில் முதலாளியின் அறைக்குச் சென்று, தாம் எழுதிய பொய்யான வரியைக் காட்டி நடந்ததைச் சொன்னார். பின்னர் அவர் அனுமதியோடு பையருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினார்.

மறுநாள் வந்த மறுமொழியில் கடுமை இருந்தது. ஆனால் அதனினும் அவரைச் சுட்டது ஒரு செய்தி: நிறம் தவறியதை அன்றே தெரிவித்திருந்தால் ஒரு வாரம் தள்ளித் தந்திருப்பேன், கடைகளுக்கு நான் நாள் கொடுத்தது உன் வரியைப் படித்த பின்னரே என்று அந்தப் பையர் எழுதியிருந்தார். அந்த இரண்டு இரவுகளும் வேண்டாதவை!

1,800 சட்டைகள் நிறுவனத்தின் செலவில் விமானத்தில் சென்றன. அந்த ஆர்டரின் இலாபம் அதிலேயே கரைந்தது. அடுத்த பருவத்தில் அப்பையர் அனுப்பிய ஆர்டர் பாதியாகக் குறைந்தது. உண்மை பேசியவுடன் இழந்தவை எல்லாம் திரும்பி வந்தன என்று கதை சொல்ல எனக்கு உரிமையில்லை; திரும்பி வரவில்லை. ஆயினும் முதலாளி அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. "இனி அந்தப் பையருக்கு நீயே எழுது, நீ எழுதினால் அவர் நம்புவார்" என்றாராம்.

மறுநாள் அவர் அந்தத் தையற்கூடத்துக்குச் சென்று அந்த அம்மாவிடம், "தேதி போட்டது நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். "இனிமே பாத்துப் போடுங்க தம்பி" என்று கூறிவிட்டு அவர் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாராம்.

பெற்றோர் அறிய வேண்டியவை

இப்பணிக்கு எந்தப் பட்டம் வேண்டும் என்று பலர் வினவுகின்றனர். ஆடை வடிவமைப்பும் பின்னலாடைத் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகள் திருப்பூரிலேயே உள்ளன. அவற்றில் பயின்றோர்க்கு முன்னுரிமை உண்டு. எனினும் வணிகவியலோ கலைப்பாடமோ படித்தவர்களும் அனுபவத்தால் உயர்ந்திருக்கின்றனர். பிழையின்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் திறன், கணினியில் அட்டவணை போடும் பழக்கம், துணியைத் தொட்டு அறியும் ஆர்வம், இவற்றுக்கு மேலாகத் தளராத பொறுமை ஆகியன வேண்டும்.

தொடக்கச் சம்பளம் பெரிதன்று; முதல் இரண்டு ஆண்டுகளைப் பயிற்சிக் காலமாகவே கருதுதல் நலம். நிலையாமையும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது வெளிநாட்டு வணிகர்கள் பலர் ஆர்டர்களை இரத்துச் செய்தனர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது அந்நாட்டை நம்பியிருந்த நிறுவனங்கள் தடுமாறின. ஆகவே வரும் சம்பளம் முழுவதையும் செலவிடாமல் சிறிது சேர்த்து வைப்பது அறிவுடைமை.

பெண் பிள்ளைகளும் இத்துறையில் திறம்படப் பணிபுரிகின்றனர். நான் சென்ற அலுவலகத்திலேயே அவர் இருக்கைக்கு எதிரே முக்காடிட்ட ஒரு சகோதரி அமர்ந்து, தொலைபேசியில் சாயப்பட்டறையாரிடம் நிறத்துக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். மகளை அனுப்பும் பெற்றோர் பணிநேரம், மாலையில் திரும்பும் வண்டி வசதி, புகார் சொல்ல உள்ள ஏற்பாடு ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடமில்லை.

இன்னொன்று. ஆயத்த சரக்கைப் பரிசோதிக்க வரும் அதிகாரி ஆறாயிரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வழக்கமான முறைப்படி இருநூறு சட்டைகளைப் பொறுக்கி எடுப்பார். ஏ.கியூ.எல். 2.5 என்னும் அளவின்படி அவற்றுள் பெருங்குறைகள் பத்து வரை இருந்தால் சரக்குத் தேறும். பதினொன்று ஆனால் முழுதும் நிராகரிக்கப்படும். மீதமுள்ள 5,800ஐ அவர் பார்ப்பதில்லை. அவற்றின் தரம், பார்ப்பவர் இல்லாதபோதும் சரியாகச் செய்தவர்களின் அமானிதத்தில் நிற்கிறது. நம் பிள்ளைகளை இப்பணிக்கு அனுப்பும்போது ஆங்கிலமும் கணினியும் கற்பித்து அனுப்புகிறோம். "தவறினால் அன்றே சொல்லிவிடு, உன்னை வீட்டில் யாரும் ஏசமாட்டோம்" என்ற துணிவையும் கொடுத்து அனுப்ப வேண்டும். ஏச்சுக்கு அஞ்சியே பல பொய்கள் பிறக்கின்றன; அந்த அச்சம் பெரும்பாலும் நம் இல்லங்களில் நாமே ஊட்டியது.

விடை

ஊர் திரும்பியதும் அத்தந்தையுடன் பெண் வீட்டுக்குச் சென்றேன். "உங்கள் மருமகனாக வரவிருப்பவர் சட்டை தைப்பதில்லை, விற்பதுமில்லை. வாங்குபவருக்கும் தைப்பவருக்கும் நடுவே நின்று, இருவருக்கும் சொன்ன சொல்லைக் காப்பதே அவர் வேலை" என்றேன். கருநீலச் சட்டைகளின் கதையையும் மறைக்கவில்லை.

பெண்ணின் பெரியத்தா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதை உங்களிடம் யார் சொன்னது?"

"அவரேதான் சொன்னார்."

"அப்படியானால் சரி" என்று அவர் உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார். இம்முறை அது ஆறுவதற்குள் அனைவரும் அருந்தினோம்.

நிகாஹுக்கு நாள் குறித்தாயிற்று. "இந்தத் தேதியையாவது தள்ளிப்போடாமல் வந்து சேரச் சொல்லுங்கள், ஹஸ்ரத்" என்று பிள்ளையின் அத்தா சிரித்தார். ஆறு மாதங்களுக்குப் பின் அவர் முகத்தில் நான் கண்ட முதற் சிரிப்பு அது. யாரேனும் கேட்டால் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று இப்போது அவரே விளக்கிச் சொல்கிறார்.